சர்வர் மாறினாலும் பழைய முகவரியை விடாத வேர்டு ஃபைல்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் ஊர் வேறு, தொழில் வேறு, ஆனால் பல பேருடைய தலைவலி ஒன்றாகவே இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடத்தில் ஃபைல்களை வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் அந்த இடம் மாறுகிறது, அல்லது அங்கே போகும் வழி மாறுகிறது, அன்றிலிருந்து வேர்டு படுத்துகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, மதுரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் பழைய சர்வர் பழுதாகிவிட்டதால் அதிலிருந்த எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்கு மாற்றினோம். ஃபைல் எதுவும் தொலையவில்லை. ஆனால் பழைய மனு எதைத் திறந்தாலும் ஒரு நிமிடம் வரை அப்படியே நிற்கிறது, பிறகுதான் திறக்கிறது. புதிதாக அடிக்கும் மனுக்கள் உடனே திறக்கின்றன. வேர்டை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் மாற்றமில்லை. பெட்டியில் கோளாறா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: பழையது நிற்கிறது, புதியது ஓடுகிறது. பெட்டியிலோ கேபிளிலோ கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். அதனால் கோளாறு பழைய மனுக்களுக்கு உள்ளேயே இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் வக்காலத்து, பிரமாணப் பத்திரம், மனு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரிப் படிவம், செய்து பழைய சர்வரில் வைத்திருந்திருப்பீர்கள். அந்த டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு மனுவைத் தொடங்கிய உடனேயே, தான் எந்த டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்தோம் என்பதை அந்த மனு முழு முகவரியோடு தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது, \\பழையசர்வர்\படிவங்கள்\மனு என்கிற மாதிரி. மனுவை நீங்கள் எங்கே நகல் எடுத்து வைத்தாலும் அந்த வரி கூடவே வரும், பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனாலும் வரும். திறக்கும்போது வேர்டு முதலில் அந்த முகவரியைத் தேடிப் போகிறது, அங்கே யாரும் இல்லை, இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லை, அதனால் விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் காத்திருப்பு நேரம் முழுவதும் காத்திருந்துவிட்டுத்தான் கையை விரிக்கிறது. அந்த நேரம்தான் உங்கள் ஒரு நிமிடம். வேர்டை அழித்து மறுபடி போட்டது வீண் என்பதும் இதனால்தான், தப்பான முகவரி வேர்டில் இல்லையே.

நான் சொல்வது சரிதானா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். மெதுவாகத் திறக்கும் ஒரு மனுவை டெஸ்க்டாப்புக்கு நகல் எடுங்கள், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணையுங்கள், இப்போது திறந்து பாருங்கள். நெட்வொர்க்கே இல்லை என்று தெரிந்தால் விண்டோஸ் தேடிக்கொண்டிருக்காது, சட்டென்று விட்டுவிடும், மனு உடனே திறக்கும். அப்படித் திறந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி சரி செய்வது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் வலது பக்கப் பட்டியலில் டெவலப்பர் என்பதை டிக் செய்யுங்கள். மேலே டெவலப்பர் என்று ஒரு டேப் முளைக்கும், அதில் டாக்குமென்ட் டெம்ப்ளேட் என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு பெட்டி திறந்து பழைய முகவரியைக் காட்டும். அதை அழித்துவிட்டு, டெம்ப்ளேட் இப்போது இருக்கும் புதிய இடத்தை அட்டாச் மூலம் காட்டுங்கள், அல்லது நார்மல் டெம்ப்ளேட்டையே காட்டுங்கள், அப்புறம் சேமியுங்கள். அதே பெட்டியில் ஸ்டைல்களைத் தானாகப் புதுப்பிக்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள், தாக்கல் செய்து முடித்த மனுவின் எழுத்து அளவும் இடைவெளியும் திடீரென்று மாறினால் பக்க எண்களே மாறிப்போகும்.

பத்து மனு என்றால் இது போதும். வக்கீல் அலுவலகம் என்கிறீர்கள், பல வருட மனுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற யாருக்கு நேரம்? நான் இந்த இடத்தில் செய்வது வேறு. புதிய பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அதன் பெயரைப் பழைய சர்வரின் பெயராகவே மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் ஷேர் (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பகிர்ந்த ஃபோல்டர்) பெயர்களையும் ஃபோல்டர் பெயர்களையும் எழுத்துப் பிசகாமல் பழையபடியே வைத்துவிடுங்கள். மனுக்கள் எல்லாம் பழைய முகவரியைத் தேடிப் போகும், அந்த முகவரியில் இப்போது ஆள் இருக்கும், வேலை முடிந்தது. ஒரு மனுவைக்கூடத் தொட வேண்டியதில்லை. பழைய சர்வரை யாராவது பழுது பார்த்து மறுபடி அதே பெயரில் நெட்வொர்க்கில் மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பெயரை மாற்ற முடியாத நிலை என்றால், கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவரிடம் இந்தத் தகவலைக் கொடுங்கள். டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அதன் நகலுக்கு ஜிப் என்று பின்னொட்டை மாற்றித் திறந்தால் வேர்டு என்ற ஃபோல்டருக்குள் ரெல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் செட்டிங்ஸ் என்று தொடங்கும் சின்ன ஃபைலில்தான் அந்தப் பழைய முகவரி வரி உட்கார்ந்திருக்கிறது. மொத்தமாக மாற்றிவிடலாம். பழைய டாக் வடிவ ஃபைல்கள் ஜிப் மூட்டைகள் அல்ல, அவற்றுக்கு இந்த வழி செல்லாது, வேர்டுக்குள்ளேயே எழுதி ஓடவிடும் சின்ன நிரலான மேக்ரோ மூலம்தான் மாற்ற வேண்டும். எந்த வழியானாலும் முதலில் முழு நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், கட்சிக்காரர்களுடைய வழக்கு இது.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் இழுத்தால் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் ஏறக்குறைய அடிவரை இறங்கினால் ஃபைல் லொக்கேஷன்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ் வரியில் பழைய சர்வர் இருந்தால் மாற்றுங்கள். அதே பட்டியலில் யூசர் டெம்ப்ளேட்ஸ் என்பது உங்கள் சொந்த சிஸ்டத்தின் முகவரியாகவே இருக்கட்டும், நார்மல் டெம்ப்ளேட் அங்கேதான் இருக்கிறது, அதை நெட்வொர்க்கில் கொண்டுபோய் வைத்தால் வேர்டு தொடங்குவதற்கே நெட்வொர்க்கை நம்பியிருக்க வேண்டிவரும். இரண்டு, திஸ் பிசியில் (பழைய மை கம்ப்யூட்டர்) சிவப்புக் குறியோடு நிற்கும் பழைய டிரைவ் எழுத்துகளைத் துண்டித்துவிடுங்கள். மூன்றாவது யாருக்கும் தோன்றாதது, பிரிண்டர். உங்கள் டீஃபால்ட் பிரிண்டர் பழைய சர்வர் வழியாக ஷேர் செய்யப்பட்டதாக இருந்தால் அதுவும் இழுக்கும், ஏனென்றால் பக்கத்தை எப்படி அமைப்பது என்று வேர்டு பிரிண்டரிடம் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு.

ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் இருக்கிறேன். என் சிஸ்டத்தில் பொது ஃபோல்டர் இசட் டிரைவ், பக்கத்து மேஜை அக்காவுக்கு அது ஒய் டிரைவ். நான் செய்த கடிதத்தை அவர் திறந்தால் கம்பெனி முத்திரைப் படம் வரும் இடத்தில் சிவப்புக் குறிதான் வருகிறது. ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள பலருக்கும் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் திறந்தால் பட்டியல் கிடைக்கவில்லை என்கிறது.

டிரைவ் எழுத்து என்பது உங்கள் சிஸ்டம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயர். நீங்கள் வீட்டில் 'குட்டி' என்று கூப்பிடும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போய் 'குட்டி இருக்கிறானா' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அக்காவின் சிஸ்டத்தில் இசட் என்று கேட்பதும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது முழு முகவரி மட்டுமே, இரண்டு பின்சாய்வுக் கோடு, சர்வர் பெயர், ஒரு கோடு, ஷேர் பெயர், அப்புறம் ஃபோல்டர்.

கடிதத்தைத் திறந்து ஆல்ட் விசையோடு எஃப்9 அழுத்துங்கள். இணைத்த படங்கள் இருக்கும் இடங்களில் வேர்டு உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறது என்பது தெரியும். இந்த நிலையில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வேலை செய்யும், இசட் என்று தொடங்கும் பகுதியைத் தேடி முழு முகவரியாக மாற்றிவிடலாம். இங்கே நிறையப் பேர் தவறும் ஓர் இடம் உண்டு. இந்தக் குறியீட்டுக்குள் ஒவ்வொரு பின்சாய்வுக் கோட்டையும் இரண்டாக எழுத வேண்டும். அதாவது முகவரியின் தொடக்கத்தில் வரும் இரண்டு கோடு நான்காகும், நடுவில் வரும் ஒற்றைக் கோடு இரண்டாகும். மாற்றி முடித்ததும் மறுபடி ஆல்ட்டோடு எஃப்9, பிறகு கண்ட்ரோலோடு ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9. முத்திரை ஹெட்டரில் இருந்தால் ஹெட்டருக்குள் போய்த் தனியாக இதைச் செய்ய வேண்டும், கண்ட்ரோல் ஏ அங்கே எட்டாது. எழுத்துகளுக்கு நடுவே மிதக்கும்படி வைத்த படம் இப்படித் தெரியாது, அதற்கு ஃபைல், இன்ஃபோ போய் ஓரத்தில் எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் என்பதைத் திறந்து சேஞ்ச் சோர்ஸ் கொடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், முத்திரைப் படத்தை எதற்கு லிங்க்காக வைக்க வேண்டும்? அது வருடக்கணக்கில் மாறாத படம். அதே பெட்டியில் பிரேக் லிங்க் கொடுத்தால் படம் கடிதத்துக்குள்ளேயே வந்துவிடும், வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும் தெரியும். தினமும் மாறும் விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு மட்டும் லிங்க் இருக்கட்டும்.

மெயில் மெர்ஜுக்கு, மெயிலிங்ஸ் டேபில் செலக்ட் ரெசிபியன்ட்ஸ் அழுத்தி ஏற்கெனவே உள்ள பட்டியலைக் காட்டுங்கள். காட்டும்போது இசட் வழியாகப் போகாமல், ஃபைல் பெயர் கட்டத்தில் முழு முகவரியைக் கையால் அடித்துப் போங்கள். சேமித்துவிட்டு அக்காவின் சிஸ்டத்தில் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்று எண்ண வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் சர்வரை 192.168.1.10 என்று எண் போட்டுத்தான் திறப்போம். எந்த ஃபைலைத் திறந்தாலும் மேலே மஞ்சள் பட்டை, எடிட் செய்ய விடவில்லை. மேக்ரோவும் ஓடவில்லை. இந்தப் பாதுகாப்பை மொத்தமாக அணைத்துவிடலாமா?

வேண்டாம், தயவு செய்து வேண்டாம். மின்னஞ்சலில் வரும் விஷ ஃபைல்களிலிருந்து உங்களைக் காப்பதும் இதே மஞ்சள் பட்டைதான், அச்சகத்துக்கு வரும் ஃபைல்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவதுதானே.

காரணம் அந்த எண்ணில் உள்ள புள்ளிகள். சர்வர் பெயரில் புள்ளி இருந்தால் விண்டோஸ் அதை வெளியுலக இணையம் என்று எடுத்துக்கொள்கிறது, புள்ளியில்லாத வெறும் பெயர் என்றால் உள் நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்கிறது. அதே சர்வரை எண்ணுக்குப் பதில் பெயரால் திறந்து பாருங்கள், பட்டை பெரும்பாலும் வராது. பெயரால் திறக்கவில்லை, எண் மட்டும்தான் வேலை செய்கிறது என்றால், கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, லோக்கல் இன்ட்ராநெட், சைட்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். மேக்ரோவும் இதோடு தொடர்புடையது, இணையத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஃபைல்களின் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாப்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. உங்கள் சொந்த மேக்ரோ டெம்ப்ளேட்டுகளை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, டிரஸ்ட் சென்டரில் டிரஸ்டட் லொக்கேஷன்ஸ் பட்டியலில் அந்த ஒரு ஃபோல்டரைச் சேர்க்கலாம், அதற்கு நெட்வொர்க் இடங்களை அனுமதிக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டியிருக்கும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஃபைல்கள் வந்து விழும் ஃபோல்டரை ஒருநாளும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

விண்டோஸ் 11 அப்டேட் ஆன மறுநாளிலிருந்து பழைய ஸ்டோரேஜ் பெட்டி திறக்கவே மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு எதுவும் வைத்ததில்லை, எப்போதும் நேராகத் திறக்கும்.

பாஸ்வேர்டு வைக்காததுதான் காரணம். 24எச்2 என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோவில், பெயர் சொல்லாமல் விருந்தாளியாக உள்ளே போகும் வழி அடைக்கப்பட்டுவிட்டது, தகவல் பரிமாற்றத்தில் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். பெட்டியில் ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒரு முறை பதிந்து வையுங்கள், பெட்டியின் அமைப்பில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) 2 அல்லது 3 என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பெட்டி என்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. சர்வீஸ்காரர் விண்டோஸில் எஸ்எம்பி 1ஐ மறுபடி போட்டுத் தருகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை அந்த வழியாகத்தான் பரவியது.

யாருமே திறக்காத ஃபைலை, வேறொருவர் திறந்திருக்கிறார் என்று வேர்டு சொல்கிறது. சில நாள் அதிலும் மோசம், சேமித்தால் பிழை வந்து ஃபோல்டரில் பெயர் தெரியாத குட்டி ஃபைல்கள் குவிகின்றன.

ஒரு ஃபைலைத் திறக்கும்போது வேர்டு பக்கத்திலேயே ~$ என்று தொடங்கும் ஒரு மறைவான ஃபைலை வைக்கிறது, திறந்தவர் பெயர் அதில் இருக்கும். மின்சாரம் போய் சிஸ்டம் பாதியில் அணைந்தால் அந்தக் குறிப்பு அழியாமல் தங்கிவிடும். எல்லோரையும் ஃபைலை மூடச் சொல்லுங்கள், எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அந்த ஒன்றை மட்டும் அழியுங்கள்.

குட்டி ஃபைல்கள் சேர்வது உரிமைக் கோளாறு. வேர்டு சேமிக்கும் முறை வித்தியாசமானது, இருக்கும் ஃபைலின் மேல் எழுதாமல், தற்காலிகப் பெயரில் புதிதாக ஒன்று எழுதி, பழையதை நகர்த்தி, புதியதற்கு அந்தப் பெயரை வைத்து, கடைசியில் பழையதை அழிக்கிறது. ஊழியர்கள் எதையும் அழித்துவிடக் கூடாது என்று நினைத்து அழிக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட்ட ஃபோல்டரில் இந்தக் கடைசிப் படிகள் நடக்காது. அங்கே மாற்றவும் அழிக்கவும் விடும் மாடிஃபை உரிமை கொடுத்தாக வேண்டும், அழிந்துபோகும் பயத்துக்கு தினசரி பேக்கப்தான் வழி.

இதில் எனக்கு ஒரு வலியான அனுபவம் உண்டு. நான் போய் உதவிய ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் காலையிலிருந்து அடித்த நீண்ட அறிக்கை மதியம் நெட்வொர்க் விட்டுப்போன நொடியில் போய்விட்டது, மேலே ஆட்டோசேவ் என்று எழுதியிருந்ததை நம்பி அவர் ஒரு முறைகூடச் சேமிக்கவில்லை. அந்த ஆட்டோசேவ் ஒன்டிரைவிலும் ஷேர்பாயிண்டிலும் உள்ள ஃபைல்களுக்கு மட்டும்தான், உங்கள் அலுவலக சர்வர் ஃபோல்டருக்குக் கிடையாது. ஆட்டோரிகவர் என்பது வேறு, அது 10 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதும். அதை ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் 2 அல்லது 3 நிமிடமாகக் குறையுங்கள், அதன் இடம் சொந்த சிஸ்டத்தில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியே அட்வான்ஸ்டு பகுதியில், தொலைவில் உள்ள ஃபைலைச் சிஸ்டத்துக்கு நகல் எடுத்து வேலை செய்து, சேமிக்கும்போது சர்வரில் புதுப்பிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. வைஃபையில் வேலை செய்பவர்கள் அதை டிக் செய்துவிடுவது நல்லது.

நாங்கள் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறோம். இதெல்லாம் எங்களுக்கும் உண்டா?

உண்டு, இடம்தான் வேறு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், பாத்ஸ் என்று போனால் டெம்ப்ளேட், பேக்கப் எல்லாவற்றின் முகவரிகளும் ஒரே பட்டியலில் இருக்கும். லோடு/சேவ், ஜெனரல் பகுதியில் முகவரிகளைச் சார்பு முறையில் சேமிக்கும் தேர்வு வழக்கமாக டிக் ஆகியே இருக்கும், அதைத் தொடாதீர்கள், கடிதமும் படமும் ஒரே ஃபோல்டருக்குள் இருந்தால் மொத்த ஃபோல்டரையும் வேறு சர்வருக்கு மாற்றினாலும் லிங்க் அறாது.

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். ஃபோல்டர்களுக்கு அழகாகத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே உள்ளே போகப் போக ஒரு கட்டத்தில் ஃபைலைச் சேமிக்க முடியவில்லை, பாதை நீளம் என்கிறது. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு எழுத்து இல்லையே?

நீங்கள் தமிழாசிரியர் எண்ணுவது போல எண்ணுகிறீர்கள், சிஸ்டம் வேறு மாதிரி எண்ணுகிறது. யுனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே ஓர் இடம் பிடிக்கும். 'வழக்குகள்' என்பது நமக்கு 6 எழுத்து, சிஸ்டத்துக்கு வ, ழ, க, புள்ளி, க, உகரக் குறி, க, ள, புள்ளி என்று 9. இப்படி ஒவ்வொரு பெயரும் ஒன்றரை மடங்கு வீங்கினால், சர்வர் பெயரிலிருந்து ஃபைல் பின்னொட்டு வரை சேர்த்து விண்டோஸில் காலம் காலமாக இருந்துவரும் 260 என்ற வரம்பைச் சீக்கிரமே தொட்டுவிடும். எக்ஸெல் இன்னும் கண்டிப்பு, அதற்கு 218தான். விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நீளப் பாதைக்கு ஒரு தேர்வு வந்தது, அதைப் போட்டுவிட்டால் வேர்டும் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

தமிழ்ப் பெயர்களை விட வேண்டியதில்லை. 'மாவட்ட நீதிமன்ற நிலுவை வழக்குகள்' என்பதை 'நிலுவை' என்று வையுங்கள், மேல் ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைக் கீழே திரும்ப எழுதாதீர்கள், ஆண்டு வாரியாகப் பிரித்த ஃபோல்டர்களைச் சர்வரிலேயே தனித்தனி ஷேராக மாற்றினால் பாதையின் முன்பாதி அப்படியே குறைந்துவிடும். சேமிக்க முடியாமல் இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் ஃபைல்களுக்கு, நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக ஓர் எழுத்தாகச் சுருக்கி, உள்ளே போய் ஃபைலை வெளியே எடுத்துவிட்டுப் பெயரைத் திரும்ப வையுங்கள்.